லாரிக்காரரின் கை

என் அத்தானுக்கு வாய் லேசில் திறக்காது. வயிறு மட்டும் சட்டென்று எரியும். அக்காவுக்கு அவர் இரண்டாவது கணவர். முதல் கணவர் சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர், நோயில் விழுந்து இறந்துபோனவர். உயிரோடு இருக்கிற ஆள்மேல் பொறாமைப்பட்டால் அவன் என்றைக்காவது வழுக்கி விழுவான், நம் மனசும் ஆறும். இறந்துபோனவர் இனிமேல் ஒரு தப்பும் செய்யப்போவதில்லை. அத்தான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அவருடைய தொழில் கியர் பாக்ஸ். எஞ்சின், பிரேக் என்று யாராவது வந்தால் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். கியர் பாக்ஸை இறக்குவது, பிரிப்பது, பல் பார்ப்பது, திரும்ப ஏற்றுவது, அவ்வளவுதான். தெருவில் எங்கள் ஷெட்டுக்குப் ‘பல்லாஸ்பத்திரி’ என்று பெயர். ஷெட்டில் பாதி அவருடையது. மீதிப் பாதியில் தையல் மெஷின் போட்டு நான் கார் சீட் தைக்கிறேன். அக்கா இரண்டு பக்கத்துக்கும் பொது. சாமான் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போன் போடுவது, வருகிறவர்களிடம் பேசுவது, வண்டிகளை நகர்த்தி இடம் பண்ணுவது எல்லாம் அவள். அத்தான் என்னை ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார். நானும் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

எதையும் தூக்கிப்போட மனசு வராத மனிதர் அவர். தேய்ந்த பேரிங்கைக்கூடக் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டுவைப்பார். ‘இது முடிஞ்சுது, வேற வாங்குங்க’ என்று எந்த கியர் பாக்ஸைப் பற்றியும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெடித்த உறையைக்கூட ஒட்டவைத்து ஓடவைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் வேறு ஆள். வாசல் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. அத்தான் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினார். குளியலறைக் குழாய் சொட்டியது, வாஷர் மாற்றவில்லை, குழாயையே மாற்றினார். கூடத்தில் மின்விசிறி லேசாக முனகியது, அதுவும் போனது. ஒவ்வொன்றும் பழையதைவிட நல்லதாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. போனதெல்லாம் முதல் அத்தான் தன் கையால் மாட்டியவை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆனது. அக்காவுக்கு முதலிலேயே புரிந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக மிஞ்சியது சமையலறைப் பலகை. முதல் அத்தான் சுவரில் அடித்தது. மனிதருக்கு மட்டம் பார்க்கத் தெரியாது போலிருக்கிறது. பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், டம்ளரை வைத்தால் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். அக்கா ஓரத்தில் துணியை மடித்து அணை கட்டிவைத்திருந்தாள். அதை மாற்றுவதற்கென்று அத்தான் நல்ல கெட்டிப் பலகை வாங்கி, அளந்து அறுத்து, இழைத்து, ஷெட்டுச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். அக்கா அந்த ஒரு விஷயத்தில் மட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்று சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரைப் பற்றி அத்தான் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பெயரைச் சொல்ல மாட்டார். எப்படி இருப்பார், என்ன பேசுவார், என்ன வியாதி என்று எதுவும் கேட்டதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அவருக்கு முதல் அத்தானைத் தெரிந்ததெல்லாம் கியர் பாக்ஸ் வழியாகத்தான். அப்போது அத்தான் ஒரு பெரிய லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா அந்த லாரியை இரண்டு முறை அங்கே கொண்டுவந்திருக்கிறாள். முதல் முறை திறந்தபோது பல்லெல்லாம் நாய் மென்ற செருப்பு மாதிரி இருந்ததாம். அடுத்த முறை பேரிங் சத்தம் என்று வந்தபோது திறந்தால், ஒரு பல்லில் ஒரு கீறல் இல்லையாம். அவ்வளவு ஓடிய லாரியில், அதுவும் அந்தக் காலத்து முரட்டு கியர் பாக்ஸில். அத்தான் அசந்துபோய், உங்க வீட்டுக்காரருக்குத் தங்கமான கை என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறார்.

அதை அவர் மறக்கவும் இல்லை, விழுங்கவும் இல்லை. யாராவது வண்டியைக் கறகறவென்று கியர் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினால், “கைன்னா அந்த லாரிக்காரர் கை” என்பார். சொல்லும்போதே முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். நேர்மையான மனிதர், கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கை தன் வீட்டுக்குள் உலாவுகிற மாதிரி அவருக்கு ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கமானவர். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. அக்காவிடம் அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். நீ கொடுத்துவைத்தவள் என்று அவளும் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்.

ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவர் தன் வண்டியின் பல்லைப் பார்க்காமல் விட்டிருந்தார். கூரை இல்லாத கார், இரண்டே சீட்டு, சிலேட்டு நிறம். உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிறந்து எத்தனையோ வருஷமாகியும் பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற அழகு. ஓட்டினால் மட்டும் காது கொடுக்க முடியாது. இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் தகரத்தை அரத்தால் ராவுகிற சத்தம். மூன்றாவதில் போட்டுக் காலை எடுத்தால் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். டாக்டர் ஒரு கையால் கியர் ராடை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டிவந்திருந்தார். ஓடுகிற பல்லையும் நிற்கிற பல்லையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவைக்க உள்ளே பித்தளை வளையங்கள் உண்டு, கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் தேய்ந்துபோனால் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும் என்று அத்தான் எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார்.

அத்தான் அப்போது வேறொரு வண்டிக்கு அடியில் குழிக்குள் இருந்தார். குப்பை லாரி ஒன்று தெருவில் வந்து, வழியை அடைத்து நின்ற அந்தக் காரைப் பார்த்து ஹாரன் அடித்தது. டாக்டர் பதறிப்போய் ஏறி உட்கார்ந்து கியரைப் போட, அந்தச் சத்தத்தில் எதிர்க்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். அக்கா போய், இறங்குங்க டாக்டர், நான் எடுக்கிறேன் என்றாள். தெரு குறுகல், திருப்ப முடியாது, ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரவேண்டும். புறப்பட்டாள்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. எஞ்சின் ஏறியது, ஒரு நொடி தணிந்தது, அடுத்த கியர் விழுந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. தெருமுனையில் வேகம் குறைக்கும்போது நடுவில் ஒரு சின்ன உறுமல், உடனே கீழ்க் கியர். ஒரு கறகறப்புக்கூட இல்லை. சுற்றிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் நிறுத்திய அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

டாக்டர் கைதட்டாத குறைதான். என்னம்மா மந்திரம் போட்டீங்க என்று கேட்டார். மந்திரமெல்லாம் இல்லை, கிளட்சை இரண்டு தடவை மிதிக்கவேண்டும், நடுவில் நியூட்ரலில் ஒரு நொடி காத்திருக்கவேண்டும், பழைய லாரிப் பழக்கம் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

லாரி என்ற சொல் வாயிலிருந்து வந்தபிறகுதான் அவள் குழியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றிருந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையிலிருந்த துணியால், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, வண்டியை விட்டுட்டுப் போங்க, திறந்து பார்த்துச் சொல்றேன் என்றார்.

அந்தக் காரில் கியர் பாக்ஸை அடியிலிருந்து இறக்க முடியாது, உள்பக்கமாகத்தான் தூக்கவேண்டும். அதற்குச் சீட்டைக் கழற்றவேண்டும், தரைவிரிப்பை உரிக்கவேண்டும், நடுவில் திண்டு மாதிரி இருக்கிற மூடியை எடுக்கவேண்டும். அதனால் முதல் வேலை எனக்கு. அக்கா உட்கார்ந்து ஓட்டிய சீட்டை நான் கழற்றும்போது அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை சொல்லியும் ஓட்டப் பழகிக்கொள்ளாதவள் நான் என்று என்னைத் திட்டினார். எதற்குத் திட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா? போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருந்தது அபூர்வம், அதுவும் அவர் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் கியர் பாக்ஸைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேஜைமேல் வைத்து எண்ணெயை வடித்தார். எண்ணெய் தங்கத்தூள் கலந்த மாதிரி மினுமினுத்தது. காந்தத்தை விட்டுத் துழாவினார். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. உதிர்ந்ததெல்லாம் பித்தளை, இரும்பில்லை. அதாவது தரகர்கள் தேய்ந்திருக்கிறார்கள், பற்களுக்கு ஒன்றுமில்லை. இது எனக்கே புரிந்தது. பிரித்துக் கழுவிச் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொரு பல்லும் முழுசாக இருந்தது. வளையங்களை மாற்றி, இரண்டு பேரிங்கும், கியரைத் தள்ளுகிற ஒரு கவையும் புதிதாகப் போட்டால் இன்னொரு ஆயுசுக்கு ஓடும். அக்கா அதற்குள் நாலு இடத்தில் போன் போட்டு, சாமான் இருக்கிற இடத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அத்தான் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் டாக்டருக்குப் போன் செய்தார். நான் வாசலில் நூல்கண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது காதில் விழுந்தது. பழைய பாக்ஸ் முடிந்துபோய்விட்டது, இனி வைத்தியமில்லை, இந்தக் காலத்து வண்டியின் ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றை வெட்டி ஒட்டி உட்காரவைத்துவிடலாம், பிறகு குழந்தைகூட ஓட்டலாம் என்றார். டாக்டர் என்ன சொல்லியிருப்பார்? நீங்க சொன்னா சரி என்றிருப்பார். பல்லைப் பிடுங்கவேண்டும் என்று அவர் சொல்லும்போது அவரிடம் மற்றவர்கள் சொல்வதும் அதுதானே.

எனக்குப் பகீரென்றது. தாழ்ப்பாள், குழாய், மின்விசிறி என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது இப்போது ஷெட்டுக்குள் வந்துவிட்டது. தாழ்ப்பாளைப் பற்றிப் பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நல்ல கியர் பாக்ஸைச் செத்தது என்று சொல்லிவிட்டால், இந்த மனிதருக்கென்று தெருவில் இருக்கிற ஒரே சொத்து போய்விடும். லாரிப் பழக்கத்துக்கு மசிந்த அந்தப் பாக்ஸ் இனிக் காரில் இருக்கவே கூடாது என்பதற்காக அவர் தன் பெயரையே கொடுக்கத் தயாராகிவிட்டார்.

மத்தியானம் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். பரப்பிவைத்த பற்களின்மேல் ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தது. அவள் சாக்கை எடுத்தாள். இரண்டாவது கியரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் அவளுக்கும் போன் செய்திருக்கிறார் என்பது அவள் கேட்டபிறகுதான் தெரிந்தது.

“இதப் போயா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?”

அத்தான் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டே, அஞ்சு கியர் போட்டா டாக்டருக்குத்தான் வசதி என்று சப்பைக்கட்டு கட்டினார். அவர் வசதி கேட்கவில்லை, சரி பண்ணித்தானே கேட்டார் என்றாள் அக்கா. சாமான்கூடக் கிடைத்துவிட்டதே என்றாள். அத்தான் அடுக்கிய ஸ்பேனர்களையே கலைத்துத் திரும்ப அடுக்கினார். கடைசியில் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“நேத்து நீ ஓட்டினியே, அது உன் கையே இல்ல. அந்த ஆளோட கை. எனக்கு சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு. நான் அந்தக் கையப் பாத்திருக்கேன்.”

நான் மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அக்கா கியரைக் கீழே வைக்கவில்லை.

“எங்க பாத்தீங்க?”

“லாரி பாக்ஸ ரெண்டாவது தடவை திறந்தப்ப. ஒரு கீறல் இல்லாம இருந்துச்சே. அப்பவே உன்கிட்ட சொன்னேனே.”

“அவர் எப்போ படுத்தார்னு தெரியுமா உங்களுக்கு?”

அத்தானுக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும். அக்கா நிதானமாகச் சொன்னாள், ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

“முதல் தடவை கொண்டு வந்தேனே, பல்லெல்லாம் மென்னு துப்பின மாதிரி இருந்துச்சுன்னீங்களே. அதுதான் அவர் ஓட்டினது. அவருக்குக் கியர் எப்பவும் கறகறதான். அந்த மாசமே படுத்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.”

“அப்ப ரெண்டாவது தடவை வர்ற வரைக்கும் யார் ஓட்டினது?” என்று கேட்டது நான்தான். புத்தி அவ்வளவு மெதுவாக வேலை செய்தது எனக்கு. அப்போது நான் தையல் கற்றுக்கொள்ள வேறு ஊரில் தங்கியிருந்தேன், வீட்டு விஷயம் பாதிதான் எனக்கு வந்து சேரும்.

அக்கா அவரைப் பார்த்தே பேசினாள். லைசென்ஸ் இருந்தது, ஓட்டுவாள் என்ற நம்பிக்கைதான் ஒருத்தருக்கும் இல்லை. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் அடுத்த நாளே லோடு நின்றுவிடும். அதனால் விடிவதற்கு முன்னே தொப்பி போட்டுக்கொண்டு கிளம்புவாளாம். கேட்கிறவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார் என்று சொல்லிவைத்திருந்தாளாம். பட்டறையிலும் வண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்து அதையேதான் சொன்னாளாம்.

“அந்த முதல் தடவை வண்டிய எடுக்க வந்தப்ப நீங்கதான் சொன்னீங்க. ‘ஓட்டுறவர்கிட்ட சொல்லுங்கம்மா, கிளட்ச்ச ரெண்டு தடவை மிதிக்கட்டும், நடுவுல சத்தம் தணியற வரைக்கும் பொறுக்கட்டும்’னு. நான் வேற யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? நானே கேட்டுக்கிட்டேன்.”

அத்தானின் கை ஸ்பேனர்மேல் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாள் அந்தக் கையை நினைத்து அவர் வயிறு எரிந்தது எனக்குத் தெரியும். தாழ்ப்பாளில் எரிந்தது, குழாயில் எரிந்தது. அந்தக் கையோ பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அவர் முகத்தைப் பார்த்தேன், அடங்கிவிட்டது.

ஸ்பேனரை ஓரமாகத் தள்ளிவிட்டு, இத்தனை வருஷமா ஏன் சொல்லல என்று கேட்டார்.

“நீங்க அவரப் பத்தி நல்லதா சொன்னது அது ஒண்ணுதான்” என்றாள் அக்கா. “மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா மாத்திட்டீங்க. அது ஒண்ணாவது அவர் பேர்ல இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

சொல்லிவிட்டுக் கியரைச் செய்தித்தாளில் அதே இடத்தில் வைத்தாள். தூக்கைத் திறந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துவைத்தாள். அத்தான் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் டாக்டருக்கு அவரே போன் செய்தார். நான் சொன்னது தப்பு, பாக்ஸ் நல்லா இருக்கு, சரி பண்ணிடலாம் என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. டாக்டரும் துருவவில்லை போலிருக்கிறது.

சாமான் வந்துசேருகிறவரை அத்தான் படாத பாடு பட்டார். வருஷக்கணக்காகப் பொறாமைப்பட்டுப் பழகிய மனிதர், திடீரென்று அந்த ஆளே இல்லை என்றால் எங்கே போவார்? முதலில் முகம் தெளிந்தது. அந்த லாரிக்காரர் கியரைக் கறகறவென்றுதான் போடுவாராமே என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஆமாம் அத்தான், தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் கேட்கும் என்றேன். அவருக்கு உள்ளூர ஒரே குஷி. அந்தக் குஷிக்கு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு உடனே வேறு பேச்சுக்குப் போனதையும் பார்த்தேன்.

அந்தக் குஷி நீடிக்கவில்லை. அடுத்த நாளே முகம் பழையபடி இருண்டது. நான் சீட்டின் அடிப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், உளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

“படுத்திருக்கிற ஆளையும் பாத்துக்கிட்டு, லாரியையும் ஓட்டியிருக்கா. அதுவும் ஒரு பல்லுல கீறல் விழாம. அவ்வளவு பண்ணியிருக்கா அவருக்கு.”

இவ்வளவு நாள் அவர் பட்ட பொறாமை விளையாட்டுப் பொறாமை என்று அப்போதுதான் தோன்றியது. கை கெட்டிக்காரத்தனமெல்லாம் அதற்குப் பக்கத்தில் எம்மாத்திரம்? நீங்களும் படுத்துப் பாருங்க அத்தான், உங்களுக்கும் பண்ணுவா என்று வாய்வரை வந்தது. வாயாடிதான், ஆனாலும் அதைச் சொல்லவில்லை. அவர் சுவரோரம் போய், இழைத்துச் சாய்த்துவைத்திருந்த கெட்டிப் பலகையைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டார். சீட்டுக்கு அடியில இத வெட்டிப் போட்டுக்கோ, வீட்டுல வேலையில்ல என்றார்.

வளையங்கள் வந்தன. புதுப் பித்தளை, மோதிரம் மாதிரி பளபளவென்று இருந்தது. அத்தான் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளையத்தையும் கியரின் கூம்பில் பொருத்தித் திருகி, பிடிக்கிறதா என்று பார்த்து, இடைவெளிக்குத் தகடு செருகிப் பார்த்து வைத்தார். அக்கா எதிரில் நின்று கேட்டதை எடுத்துக்கொடுத்தாள். நான் என் பக்கத்தில் அந்தப் பலகையின்மேல் பஞ்சு வைத்துத் தோல் இழுத்து அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் நிமிராமலே கேட்டார்.

“அவருக்கு உடம்புக்கு என்னதான் வந்துச்சு?”

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் நின்றபடிதான் வேலை செய்வாள், ஷெட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதுகு வலி என்றுதான் ஆரம்பித்ததாம். அப்புறம் கால் சொன்னபடி கேட்கவில்லையாம். அத்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்தக் கால்? யார் தூக்கி உட்காரவைத்தது? நீ லோடு ஏற்றிக்கொண்டு போன நேரம் பக்கத்தில் யார்? அவருக்கு நீ ஓட்டுவது தெரியுமா? தெரியும் என்றாள் அக்கா. வாசலில் லாரி வந்து நிற்கும்போது கியர் சத்தம் கேட்காதாம், கதவு திறந்த பிறகுதான் வந்துட்டியா என்று கேட்பாராம். அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் நிறுத்தினாள். அத்தானின் காது மடல் சிவந்தது. வயிறு எரிந்திருக்கும், எனக்குத் தெரியாதா அவரை. ஆனாலும் எழுந்து கை கழுவப் போகவில்லை. வளையத்தை உட்காரவைத்துவிட்டு, அப்புறம் என்றார்.

கார் கிளம்பிய அன்றைக்கு டாக்டர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது கியர் விழுகிற சத்தம்கூட இல்லை. புறப்படும் முன்பு அக்கா ஒரு சுற்றுப் போய்வர, பக்கத்து சீட்டில் அத்தான் என்னை ஏற்றிவிட்டார். என் பலகைமேல் நானே உட்கார்ந்தேன். வளையமெல்லாம் புதுசு, கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதும். அக்கா அப்போதும் இரண்டு தடவைதான் மிதித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, கால் கேட்க மாட்டேங்குது என்றாள். காற்று முகத்தில் அடித்தது. வாசலில் அத்தான் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அக்காமேல் பொறாமையாக இருந்தது. காருக்காக இல்லை, ஓட்டுகிற கைக்காகவும் இல்லை. அன்றைக்கு மேஜைக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, ஒருத்தர் வயிறு எரிய எரியக் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே போனாளே, அதற்காக. வீட்டுக்கு வரும்வரை அது நெஞ்சில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“இன்னைக்கு அந்தப் பழைய கார்ல ஒரு சுத்து போயிட்டு வந்தேன். கூரையே இல்ல, முடியெல்லாம் பறந்துச்சு.”

“அப்படியா, நல்லது” என்றார். மனசார, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எந்தக் கார், யார் ஓட்டினது, உனக்கு எப்படி இருந்தது என்று அடுத்து ஏதாவது வரும் என்று பார்த்தேன். அவர் சாப்பிட்டு எழுந்து, தட்டைக் கழுவிவைத்துவிட்டு, டீவி முன்னால் போய் உட்கார்ந்தார். நான் கை காய்ந்துபோகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.